‘இந்தக் காலத்துப் பசங்க நிலைக்க மாட்டேங்கிறாங்க’: டெல்டாவில் கேட்கும் இந்தப் புகார் எவ்வளவு உண்மை?

"ஒரு வார்த்தை அதட்டிச் சொல்ல முடியல, மறுநாள் வேலைக்கே வர்றதில்ல." "லீவு கேக்கறதில்ல சார், லீவுன்னு மெசேஜ் போடறாங்க." "வேலை கத்துக்கிட்டதும் சென்னைக்குக் கிளம்பிடறாங்க."

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எனக் காவிரி டெல்டாவில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஜவுளிக்கடை, அரிசி ஆலை, தனியார் மருத்துவமனை, பள்ளி, சின்ன சாஃப்ட்வேர் அலுவலகம் என்று தொழில் எதுவாக இருந்தாலும் புகார் ஒன்றுதான். இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை, பொறுப்பு இல்லை.

இளைஞர்களிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும். சேரும்போது சொன்ன வேலை ஒன்று, செய்யச் சொல்வது இன்னொன்று. சம்பளத் தேதி நிச்சயமில்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு வருகிறது. அஞ்சு வருஷம் கழித்து என்ன ஆவோம் என்று கேட்டால் பதில் இல்லை.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பிரச்சினை வயதிலா, வேலையின் விதிகளிலா?

டெல்டாவுக்கு இது ஏன் முக்கியம்?

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய், எரிவாயுக்கான புதிய கிணறுகள், துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை டெல்டாவின் வயல் பகுதிக்குள் புதிதாக வர அந்தச் சட்டம் தடை விதித்தது. விவசாயிகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது.

அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பாணியில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் பெரிய தொழிற்பேட்டைகள் டெல்டாவின் அடையாளமாக ஆகப்போவதில்லை. இங்கே வேலை வர வேண்டுமென்றால் அது உணவு பதப்படுத்துதல், கல்வி, மருத்துவம், வங்கி, வணிகம், ஐடி ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். மாசு இல்லாத, ஆனால் மனிதர்களை நம்பி மட்டுமே நடக்கும் தொழில்கள் இவை. ஆள் நிலைக்கவில்லை என்றால் தொழிலே நிலைக்காது.

முயற்சிகளும் நடக்கின்றன. தஞ்சாவூரை அடுத்த மேலவஸ்தாசாவடியில் சுமார் 55,000 சதுர அடியில் கட்டப்பட்ட டைடல் நியோ பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகாமலே ஐடி வேலை என்பதுதான் அதன் நோக்கம். இந்த யோசனை டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. ஐஐடி மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ நிறுவனம், திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூரிலேயே பிபிஓ மையம் நடத்திக் காட்டியது. 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இன்றும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்தைச் சிறிய ஊரிலிருந்து நடத்த முடியாது என்ற வாதம் இங்கே எடுபடாது.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி (2021-22) தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 சதவீதம். 18 முதல் 23 வயதுக்குட்பட்டோர் நூறு பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது. படித்தவர்கள் இருக்கிறார்கள், கட்டடம் வந்துவிட்டது. நடுவில் இருக்கும் ஒரே கேள்வி, இவர்களை ஊரில் வைத்து வேலை வாங்கத் தெரிந்த மேலாளர்கள் இருக்கிறார்களா என்பதுதான்.

‘ஜென் இசட்’ என்று ஒரு இனம் இருக்கிறதா?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை ‘ஜென் இசட்’ என்று வகைப்படுத்தியது. இன்ஸ்டாகிராமிலும் ஹெச்ஆர் கருத்தரங்குகளிலும் புழங்குவது பெரும்பாலும் இந்த அளவுகோல்தான். "ஜென் இசட் இப்படித்தான், மில்லேனியல் அப்படித்தான்" என்று ராசிபலன் மாதிரி சொல்லப்படுவதும் இதை வைத்துத்தான்.

இது அறிவியல்பூர்வமானதா? வேலையிடத்தில் தலைமுறை என்ற வகைப்பாடு பயன்படுமா என்பதை ஆராய்ந்த அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஒன்று, 2020-இல் அறிக்கை வெளியிட்டது. தலைமுறையை வைத்து ஊழியர்களின் குணத்தையும் வேலை மனப்பான்மையையும் கணிப்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை, நிறுவனங்கள் அதை நம்பிக் கொள்கை வகுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

குழப்பம் எங்கே வருகிறது? மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, வயது. 22 வயதில் யாருக்கும் வேலை மாறத் தோன்றும். குடும்பப் பொறுப்பு குறைவு, தேடல் அதிகம். இன்றைய 50 வயது மேலாளரும் 22 வயதில் அப்படித்தான் இருந்திருப்பார்.

இரண்டாவது, காலம். வேலை விளம்பரம் இன்று போனிலேயே வருகிறது. பக்கத்து ஊர்ச் சம்பளம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மாற்றம் 50 வயதுக்காரருக்கும் பொருந்தும்.

மூன்றாவதுதான் தலைமுறை. ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள், வளரும் பருவத்தில் ஒன்றாகப் பார்த்த நிகழ்வுகள் அவர்களிடம் விட்டுச்செல்லும் தடம். சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். ஒரே ஆண்டில் பிறந்தது மட்டும் போதாது, ஒரே அனுபவத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்றார்.

அப்படிப் பார்த்தால் நியூயார்க்கின் ஜென் இசட் வேறு, ஒரத்தநாட்டின் ஜென் இசட் வேறு.

டெல்டாவின் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள்?

2003-04-இல் டெல்டாவில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-இல்தான் மீண்டும் அந்த நாளில் திறந்தது. அந்தப் பிள்ளையின் பள்ளிப் பருவத்தில் பெரும்பகுதி, வீட்டில் "இந்த வருஷம் தண்ணி வருமா, வராதா" என்ற பேச்சைக் கேட்டே கழிந்திருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தானது. கல்லூரியின் தொடக்கம் செல்போன் திரையில்.

இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் வேலையில் சேர்ந்ததும் முதலில் எதைக் கேட்பார்? "சம்பளம் எந்தத் தேதி வரும்? பிஎஃப் உண்டா? ரெண்டு வருஷம் கழிச்சு என்ன கிடைக்கும்?" மழையையும் அணையையும் நம்பி வாழ்ந்த அப்பாவின் நிலை தனக்கு வேண்டாம் என்று நினைப்பவரின் கேள்விகள் இவை. இதைப் பேராசை என்று ஒரு மேலாளர் எடுத்துக்கொண்டால், ஆளைத் தப்பாகப் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

அதே அனுபவத்தில் சில குறைகளும் வந்திருக்கின்றன. வகுப்பறையில் கூட்டாக வேலை செய்யும் பழக்கம், பெரியவர்களிடம் நேரில் பேசிப் புரியவைக்கும் பழக்கம், போனில் வாடிக்கையாளரிடம் தயங்காமல் பேசும் பழக்கம். கல்லூரிப் பருவத்தின் தொடக்கத்தைத் திரை முன் கழித்தவர்கள் பலருக்கு இவை குறைவாகவே வாய்த்தன. இது சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும் விஷயம். சொல்லிக்கொடுக்காமல் "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டால் மட்டும் வராது.

பழைய தலைமுறை அடங்கி வேலை பார்த்ததா?

"எங்க காலத்துல முதலாளி முகம் பார்த்து வேலை செஞ்சோம்" என்பது அடிக்கடி கேட்கும் வாசகம். ஆனால் தஞ்சாவூரின் வரலாறே இதை மறுக்கிறது.

இந்த மண்ணின் பழைய வேலையிடம் வயல்தான். பண்ணையாள் முறையில் ஆண்களும் பெண்களும் குடும்பத்தோடு ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தார்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. 1940-களில் பி.சீனிவாசராவ் உள்ளிட்ட பொதுவுடைமை இயக்கத்தினர் களப்பால், மன்னார்குடி பகுதிகளில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். அந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டிய ஒப்பந்தங்கள் அந்தப் போராட்டத்தில்தான் வந்தன. கேட்டது கூலி மட்டும் அல்ல, மரியாதையும்தான்.

1952-இல் ராஜாஜி தலைமையிலான அரசு, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நினைத்தபோது ஆளை நீக்க முடியாது, கூலிக்கு வரையறை உண்டு, தகராறு வந்தால் சமரச அதிகாரி விசாரிப்பார் என்று அது சொன்னது. நிலவுடைமையாளர்கள் பலர் என்ன செய்தார்கள்? நிரந்தரப் பண்ணையாட்களை விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். விதி வந்ததும் விதிக்கு வெளியே ஒரு வழி. இன்று "கன்சல்டன்ட்", "டிரெய்னி", "காண்டிராக்ட்" என்ற பெயர்களில் ஆள் எடுக்கும் சில நிறுவனங்களின் உத்தியும் அதே ரகம்தான்.

கூலித் தகராறு முற்றியதன் உச்சம் 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகே கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்றைய ஏசி அலுவலகத்தையும் அன்றைய பண்ணையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஒரு பாடம் பொதுவானது. ‘ஆட்கள் கெட்டுப்போய்விட்டார்கள்’ என்று சொல்லப்பட்ட காலங்களில் உண்மையில் நடந்தது, வேலையின் விதிகளை ஆட்கள் கேள்வி கேட்டது. இன்றைய இளைஞர் கொடி பிடிக்காமல் ராஜினாமா மெயில் அனுப்புகிறார். மெயில்கூட அனுப்பாமல் நின்றுவிடுகிறார். கேள்வி மாறவில்லை, கேட்கும் விதம் மாறியிருக்கிறது.

2021 டிசம்பரில் நடந்ததும் இதே வகை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஆலையின் இளம் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் உடல்நலம் பாதிக்கப்பட்டதும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றது சம்பள உயர்வு அல்ல, தரமான சாப்பாடும் தங்கும் இடமும். இதைத் ‘தலைமுறைக் கோளாறு’ என்று யாராவது சொல்ல முடியுமா?

ஊரில் மிச்சம் அதிகம், அப்புறம் ஏன் கிளம்புகிறார்கள்?

ஒரு எளிய கணக்கு. இவை உதாரணத்துக்கான எண்கள்தான்.

தஞ்சாவூரில் மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தங்கல், வீட்டுச் சாப்பாடு. போக்குவரத்துக்கு 1,500 போனால் கையில் 14,500.

சென்னையில் 24,000. அறை வாடகை 7,000, சாப்பாடு 5,000, நகரப் போக்குவரத்து 1,500, ஊருக்கு வந்துபோக 1,500. மொத்தம் 15,000 போனால் கையில் 9,000.

மாதம் 5,500 ரூபாய் ஊர் வேலையில்தான் லாபம். பணம் மட்டுமே காரணம் என்றால் யாரும் ரயில் ஏற மாட்டார்கள். ஆனாலும் ஏறுகிறார்கள். ஏன்?

சென்னை வேலை ஒரு ஏணியின் முதல் படி. அங்கே பே ஸ்லிப் உண்டு, அதைக் காட்டினால் வங்கிக் கடன் கிடைக்கும். ரெஸ்யூமேயில் எழுத ஒரு பெயர் உண்டு. மூன்று வருடத்தில் 40,000 ஆகும் என்ற நம்பிக்கை உண்டு. ஊர் வேலையில் மூன்று வருடம் கழித்தும் அதே மேசை, அதே வேலை, சம்பளம் 18,000 என்றால் அது வேலையாகத் தெரியாது, தேங்கலாகத் தெரியும். வீட்டிலும் அழுத்தம் உண்டு. வரன் பார்க்கும்போது "பையன் சென்னையில ஐடி" என்பதற்கு இருக்கும் எடை, "இங்கதான் ஒரு கம்பெனில" என்பதற்கு இல்லை.

ஆக, டெல்டா முதலாளி சென்னைச் சம்பளத்தோடு போட்டி போட வேண்டிய அவசியமில்லை. சென்னையின் ஏணியோடு போட்டி போட்டாக வேண்டும். ஏணி கட்ட ஆகும் செலவு, சம்பளத்தை இரட்டிப்பாக்க ஆகும் செலவைவிடக் குறைவு.

ஊரிலேயே ஏணி கட்ட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. ஸோஹோ 2000-களின் நடுவில் பட்டம் இல்லாதவர்களை எடுத்து உதவித்தொகையுடன் பயிற்சி தரத் தொடங்கியது. 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவரும் உலகச் சந்தைக்கான மென்பொருளில்தான் வேலை பார்க்கிறார். ஊர் சின்னது, வேலை சின்னதல்ல.

‘தம்பி’யும் ‘டா’வும்

டெல்டா வேலையிடங்களில் சம்பளத்துக்கு அடுத்த பெரிய உரசல் பேச்சில்தான்.

"வாப்பா", "தம்பி", "பாப்பா" என்று கூப்பிடுவது இங்கே பாசம். மேலாளர் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் அதே வாயில் வாடிக்கையாளர் முன்னால் "என்னடா பண்ணி வெச்சிருக்க" என்று வந்தால், முன்பு சொன்ன தம்பியும் செல்லாக்காசு ஆகிவிடும். யாரை ‘வாங்க’ என்பது, யாரை ‘வா’ என்பது என்பதில் இந்த மண்ணில் சாதியும் நிலவுடைமையும் பல தலைமுறைகளாகக் கலந்திருக்கிறது. அந்தத் தழும்பு உள்ள குடும்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்தவருக்கு ஒரு ‘டா’ வெறும் எழுத்தல்ல.

இன்னொன்று, சிபாரிசு. சின்ன ஊர்களில் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம்தான் கிடைக்கிறது. அதனால் புகாரும் தெரிந்தவர் மூலமே போகிறது. ஊழியர் இரண்டு நாள் வரவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் போடுவது, சிபாரிசு செய்த மாமாவிடம் குறை சொல்வது எல்லாம் சகஜம். 23 வயதுக்காரரைப் பொறுத்தவரை அது அவமானம். தன்னை வளர்ந்த மனிதராக நடத்தாத இடத்தில் வளர்ந்த மனிதரின் பொறுப்பை எதிர்பார்ப்பது எப்படி?

பெண் ஊழியர்களுக்கு இன்னொரு விஷயமும் சேர்கிறது: கடைசி பஸ். 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததால், கிராமத்திலிருந்து தினமும் டவுனுக்கு வந்து வேலை பார்ப்பது எளிதானது. ஆனால் ஏழு மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டரைக்கு முடிந்தால், இலவச பஸ் இருந்தும் பயனில்லை. "பொண்ணுங்க கல்யாணம்னு போயிடுவாங்க" என்று சொல்லும் மேலாளர், தன் நிறுவனத்தின் ஷிப்ட் முடியும் நேரத்தையும் அந்த ஊர் கடைசி பஸ் நேரத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர்கள் கேட்பதில் பாதி சலுகை அல்ல, ஏற்கெனவே சட்டத்தில் இருப்பது.

- வேலை நேரம்: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அடிப்படை. வார விடுமுறை கட்டாயம்.
- உட்காரும் உரிமை: 2021-இல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஜவுளி, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும்.
- நியமன ஆணை: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊழியர்களுக்கு எழுத்துபூர்வ நியமன ஆணையை வலியுறுத்துகின்றன.
- சம்பளத் தேதி: ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் பாக்கித் தொகையை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும்.
- பிஎஃப், இஎஸ்ஐ: பொதுவாக 20 பேர் இருந்தால் பிஎஃப், 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ பொருந்தும். இஎஸ்ஐக்கு மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய்.
- பாலியல் துன்புறுத்தல் புகார்: 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும்.

அதே நேரம், சட்டம் ஒரு பக்கமாக மட்டும் சாயவில்லை. பயிற்சிக்குச் செலவு செய்த நிறுவனம் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க ஒப்பந்தம் போடுவது தானாகவே செல்லாது என்று ஆகிவிடாது. ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனையை ஏற்றது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்ப்பது இளைஞரின் பொறுப்பு.

நீண்ட வேலை நேரம் பற்றிய விவாதமும் தெரிந்ததுதான். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் வாரம் 70 மணி நேரம் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய 90 மணி நேரம் 2025 தொடக்கத்தில் பெரிய சர்ச்சையானது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிய தமிழ்நாடு அரசே, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

மேலாளர்கள் என்ன செய்யலாம்?

முதல் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி வரை, யாரிடம் கேட்க வேண்டும், எப்போது சம்பள உயர்வு. ஒரு பக்கத் தாள் போதும். வாய்மொழியாகச் சொன்னது ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக ஞாபகம் இருக்கும்.

அடுத்த படியைக் காட்டுங்கள். பத்து பேர் கொண்ட அலுவலகத்தில் பதவிகள் குறைவுதான். ஆனால் திறமைக்குப் படிகள் வைக்கலாம். இந்த வேலை கற்றால் இவ்வளவு உயர்வு, புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தால் இவ்வளவு என்று.

குறையைத் தனியாக, அன்றைக்கே சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் காதில் விழுவது அவமானம் மட்டும்தான். மூன்று மாதம் சேர்த்துவைத்துக் கொட்டினாலும் அதே கதி.

காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஏன் சார்?" என்ற கேள்வி எதிர்ப்பு அல்ல. அரிசி ஆலையில் ஈரப்பதம் பார்க்காமல் மூட்டை எடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினால், அடுத்த முறை சொல்லாமலே பார்ப்பார்.

இரவு மெசேஜுக்கு எல்லை வையுங்கள். அவசரம் என்றால் போன், இல்லையென்றால் காலையில். இந்த ஒரு விதிக்குப் பைசா செலவில்லை.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். ஆளைப் பிடித்துவைக்கும் உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். காகிதம் தங்கும், மனசு தங்காது.

போகிறவரிடம் பேசுங்கள். ஏன் போகிறீர்கள் என்று கோபமில்லாமல் கேட்டு எழுதிவைத்தால், பத்து பேர் போன பிறகு அலுவலகத்தின் குறை எது என்று தானாகத் தெரியும். தஞ்சாவூர் மாதிரி ஊரில் போனவர் வெளியே சொல்லும் வார்த்தைதான் அடுத்த ஆளுக்கான விளம்பரம்.

இளைஞர்கள் பக்கம் தவறே இல்லையா?

இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது முதல் தவறு. அன்றைக்கு அந்த வேலை பக்கத்து மேசையில் இருக்கும் இன்னொரு இளைஞர் தலையில்தான் விழுகிறது, முதலாளி தலையில் அல்ல. நோட்டீஸ் கொடுத்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவது நாளைக்கு ரெஃபரன்ஸ் கேட்கும்போது உதவும்.

மூன்று மாதத்தில் வேலை பிடிபடாது என்பதும் உண்மை. எந்தத் தொழிலிலும் சலிப்பான பகுதி உண்டு. அதைத் தாண்டினால்தான் நுணுக்கம் வரும். நெல்லைக் கையில் அள்ளி, பல்லில் கடித்துப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லும் ஆலைப் பெரியவர் அதை யூடியூபில் கற்கவில்லை. மூத்தவர்களிடம் பேச்சில் கடுமை இருந்தாலும் கையில் தொழில் இருக்கிறது. மரியாதையைக் கேட்டு வாங்குவதோடு, அந்தத் தொழிலையும் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

குறையை நேரில் சொல்லப் பழகுவதும் முக்கியம். ஸ்டேட்டஸில் போடும் கோபம் மேலாளருக்குப் போய்ச் சேரும், தீர்வு வந்து சேராது.

இனி என்ன?

வயலில் இந்தக் கதையின் முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நடவுக்கு உள்ளூரில் ஆள் குறைந்ததும் இயந்திரம் வந்தது. வட மாநிலத் தொழிலாளர்கள் வந்தார்கள். நாற்றங்கால் விட்டு வெளியேறிய இளைஞர்கள் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொன்னதால் ஒரு ஏக்கர்கூடக் கூடுதலாக நடவாகவில்லை.

அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. அப்பா அம்மா பக்கத்தில், சொந்த வீட்டில், ஊர்ச் சாப்பாட்டோடு வாழ முடிந்தால் வாழ வேண்டும் என்று நினைக்கும் பட்டதாரிகள் டெல்டாவில் குறைவில்லை. அவர்களை இருக்க வைக்கத் தேவையானது சரியான தேதியில் சம்பளம், எழுத்தில் ஒரு உறுதி, மேலே ஏற ஒரு படி, ‘டா’ போடாத பேச்சு. இதில் எதற்கும் எந்த நிறுவனமும் சென்னையிலிருந்து அனுமதி வாங்க வேண்டியதில்லை.